செவந்தியப்பனின் வலது கன்னம்

ஊருக்கு ஊர் புத்தியைப் பங்கிட்டபோது, மந்தலூர்க்காரர்கள் பை எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தார்களாம். அந்த ஊர் ரேஷன் கடையில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். விற்பவன் செவந்தியப்பன், எடை போடுபவன் கொப்பையன், மூட்டை தூக்குபவன் சடையாண்டி.

போன வாரம் பருப்பு இல்லை என்று சொன்னதற்கு, பூசத்துரை என்ற ஆள் தகரப் புனலை எடுத்து செவந்தியப்பனின் இடது கன்னத்தில் ஒரு போடு போட்டார். கன்னம் பணியாரமாய் வீங்கிவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை அவன் பெண் பார்க்கப் போக வேண்டும். அதுவரை வலது கன்னமாவது உருப்படியாக இருக்க வேண்டுமே என்று பாவம், அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

விஷயம் தெரிந்து மேலதிகாரி ஞானப்பிரகாசம் வந்தார்.

"ரெண்டே விஷயம். அடிக்கத் தோதான எதுவும் வர்றவங்க கைக்கு எட்டக் கூடாது. கோபமாப் பேசினா, 'நீங்க சொல்றது சரிதான்'னு தணிவாச் சொல்லுங்க. புரியுதா?"

மூவரும் பலமாகத் தலையாட்டினார்கள். அதிகாரி நிம்மதியாகக் கிளம்பினார்.

"அரிசி மூட்டையால அடிக்கலாமாடா?" என்று கேட்டான் கொப்பையன்.

"தூக்க முடிஞ்சவன் அடிக்கலாம்," என்றான் சடையாண்டி.

"அப்ப சர்க்கரை?"

சடையாண்டி வெகுநேரம் யோசித்தான். "சர்க்கரையா இருந்தாலும் அடி வலிக்கத்தானேடா செய்யும்?"

தராசு, புனல், அரிசி, சர்க்கரை எல்லாம் கயிறு கட்டி உத்தரத்துக்கு ஏறின. சாயங்காலம் பூசத்துரை பையோடு வந்தார்.

"அரிசி எங்கடா?"

"மேல இருக்குண்ணே. இறக்கினா அதாலயே அடிப்பீங்க."

"என்னையப் பார்த்தா ரௌடி மாதிரியா இருக்கு?"

"நீங்க சொல்றது சரிதாண்ணே," என்றான் செவந்தியப்பன் தணிவாக.

"டேய்! ஒண்ணு விட்டேன்னா பல்லு எகிறிடும்!"

"அதுவும் சரிதாண்ணே."

இவ்வளவு தூரம் ஒத்துக்கொண்ட பிறகு அவர்தான் என்ன செய்வார்? ஒன்று விட்டார். நல்லவேளை, அது பழைய கன்னத்திலேயே விழுந்தது.

அவர் போனதும் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"எல்லாத்தையும் மேல ஏத்தியாச்சே. அப்புறம் எதுடா கைக்கு எட்டுச்சு?"

"உன் கன்னம்தான்," என்றான் கொப்பையன்.

"அதை மட்டும் எப்படிடா மேல கட்டுறது?"

"ஆளை ஏத்தினா கன்னம் கூடவே வந்துடும்."

மூவரும் ஏறினார்கள். கடைசியாக ஏறிய சடையாண்டி, இதாலும் அடிக்கலாமே என்று ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தபோது வாசலில் ஊரே பையோடு நின்றது. உள்ளே தரையில் ஒரு மணி அரிசி இல்லை. உத்தரத்திலிருந்து மூன்று வணக்கங்கள் வந்தன.

"கீழ இறங்குங்கடா!"

"மாட்டோம்யா. கன்னம் கைக்கு எட்டிடும்."

அதிகாரி கெஞ்சினார், மிரட்டினார். கடைசியில் முகம் சிவந்து செருப்பைக் கழற்றி மேலே வீசினார். "இறங்கி வாங்கடா! ஒவ்வொருத்தன் கன்னத்தையும் பேத்துடறேன்!"

செவந்தியப்பன் தன் வலது கன்னத்தை ஆசையாகத் தடவிக்கொண்டு கொப்பையன் பக்கம் சாய்ந்தான்.

"பார்த்தியாடா, அய்யாவுக்கே எவ்வளவு கோபம் வருது. நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்டு முன்னாடியே ஏறிக்கிட்டோம்!"