சொட்டுக் குறையாத தொட்டி

கோரைக் குளத்தங்கரையில் வாரம் ஒரு நாள் சந்தை கூடும். காட்டுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த சந்தை அது. விடிந்ததும் மனிதர்கள் ஆடு, மாடு, எருமை எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். முளைக்குச்சியில் கட்டிவிட்டுப் பேரம் பேசப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை அத்தனை உயிருக்கும் பொறுப்பு செவலையன் என்ற நரிதான். ஐந்து வாரத்துக்கு முன்புதான் சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்தது அது.

அன்றைக்குச் சுழிச்சி என்ற வெள்ளாடு முதல் தடவையாக அங்கே வந்து நின்றது. நெற்றியில் ஒரு சுழி, அதனால் அந்தப் பெயர். வாய் சும்மா இருக்காது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்த ஆடு, முளையில் கட்டியதும் தொட்டியைப் பார்த்து மலைத்துப்போய்விட்டது.

கருங்கல் தொட்டி! நிழலுக்குப் போட்ட பந்தலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நீளம். விளிம்பு வரைக்கும் தண்ணீர் தளதளவென்று நின்றது. அழகுக்கு நாலு அல்லிப்பூ வேறு மிதந்தது.

"கண்ணு, பாத்தியா! ராஜா போட்ட சட்டம்னா சும்மாவா?" என்றது சுழிச்சி தன் குட்டியிடம். குட்டி பிறந்து பத்தே நாள்தான் ஆகியிருந்தது. அதற்குச் சட்டமும் தெரியாது, ராஜாவும் தெரியாது. தாயின் மடியை முட்டிக்கொண்டு நின்றது.

சட்டம் வந்த கதை இது. போன கோடையில் இதே சந்தையில் ஓர் உழவு மாடு தண்ணீர் கிடைக்காமல் நின்ற இடத்திலேயே விழுந்து செத்துப்போனது. காட்டு ராஜா சிங்கத்தின் காதுக்குச் சேதி போனது. வந்ததே கோபம்! 'சந்தையில் கட்டிய எந்த உயிருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும், நிற்க நிழல் வேண்டும், வாலை முறுக்கி யாரும் இம்சை செய்யக்கூடாது' என்று அன்றைக்கே சட்டம் போட்டது. மரங்கொத்தி ஊர் ஊராகப் போய்த் தண்டோரா அடித்தது. மேய்ச்சல் காட்டில் நின்று அதைக் காது குளிரக் கேட்டதும் சுழிச்சிதான், ஒரு சொல் விடாமல் மனசில் வாங்கிக்கொண்டதும் சுழிச்சிதான்.

வெயில் ஏற ஏற நாக்கு வறண்டது. சுழிச்சி தொட்டிப் பக்கம் கழுத்தை நீட்டியது. கயிறு இழுத்து நிறுத்தியது. இன்னும் ஒரு சாண் இருந்தது தண்ணீருக்கு. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டியது. ஊகூம்! ஒரு சாண் ஒரு சாண்தான்.

பக்கத்து முளையில் மொந்தை என்ற எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அசைபோட வாயில் ஒன்றுமில்லை, பழக்க தோஷம்.

"தங்கச்சி, வீணா கழுத்தை ஒடிச்சுக்காதே! இங்க எல்லாக் கயிறும் ஒரே அளவுதான். ஒருத்தருக்கும் எட்டாது" என்றது மொந்தை.

"எட்டாட்டி எதுக்கு அக்கா தொட்டி?"

"மேற்பார்வைக்கு ராஜா அனுப்பற யானையார் வருவாரே, அவர் பார்க்க! தொட்டி நிறைஞ்சிருக்கணும்னு சட்டமாம். வாய் வெச்சுக் குறைச்சா சட்டத்தை மீறின குத்தமாம். செவலையன் சொல்லிச்சு. அஞ்சு வாரமா நாங்க யாரும் வாய் வைக்கிறதில்லை."

சுழிச்சிக்கு வந்த ஆத்திரத்தில் கொம்பே சூடேறிப்போனது. கேட்டீர்களா கூத்தை! தாகம் தீர்க்கப் போட்ட சட்டத்தைக் காட்டியே தாகத்தில் நிற்க வைத்திருக்கிறது ஒரு நரி. அதையும் நம்பிக்கொண்டு மலை மாதிரி எருமையெல்லாம் நிற்கிறது!

அந்த நேரம் பார்த்துக் குட்டி மடியை விட்டு வாயை எடுத்தது. "அம்மா, பால் வரலே" என்றது. குரலே எழும்பவில்லை. நாலு காலும் தடுமாறி, அப்படியே மண்ணில் மடங்கி உட்கார்ந்தது.

தண்ணீர் இறங்காத உடம்பில் பால் எங்கிருந்து ஊறும்? பொழுது சாய இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கிறது. அதுவரை இந்தப் பிஞ்சு தாங்காது என்று பெற்றவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"குத்தகைக்காரரே! ஓ குத்தகைக்காரரே!" என்று கத்தியது.

பந்தல்காலில் சாய்ந்து வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருந்த செவலையன் மெதுவாக எழுந்து வந்தது.

"என்ன சத்தம்?"

"என் குட்டி சுருண்டு கிடக்கு. ரெண்டு வாய் தண்ணி குடிச்சா பால் ஊறும். கயித்தைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்க, புண்ணியமாப் போகும்!"

"அடேயப்பா! நீ ரெண்டு வாய், அது ரெண்டு வாய்ன்னா தொட்டி என்ன ஆகறது? சட்டம் தெரியுமா உனக்கு?"

"தெரியும். குடிக்கத் தண்ணீர்னுதான் மரங்கொத்தி சொல்லிச்சு. பார்க்கத் தண்ணீர்னு சொல்லலையே!"

செவலையனின் முகம் சுருங்கியது. "வாய் நீளமா இருக்கே! யானையார் முன்னால இப்படி ஏதாவது உளறினே, பந்தலுக்கு வெளியே வெயில்ல கட்டிப்போடுவேன். குட்டியோட சேர்த்து!" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

மொந்தை தலையைக் குனிந்துகொண்டது. மற்ற மாடுகளும் எங்கேயோ பார்த்தன. பாவம், அதுகளை என்ன சொல்ல!

அப்போது முதுகில் இரண்டு பக்கமும் தோல்பை தொங்க, பொதியன் என்ற கழுதை குளத்திலிருந்து வந்தது. பை நிறையத் தண்ணீர். ஆனால் தொட்டிப் பக்கம் திரும்பாமல் நேராகப் பந்தலுக்குப் பின்னால் போயிற்று.

"தம்பி, தம்பி! எங்கே போறே? தொட்டி இங்கே இருக்கே!" என்று கூப்பிட்டது சுழிச்சி.

கழுதை நின்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டது. "அக்கா, மெதுவாப் பேசுங்க. சந்தைக்குத் தண்ணி சுமக்கத்தான் ராஜா என்னை இங்க அனுப்பினாரு. ஒரு சந்தைக்குப் பன்னிரண்டு நடை. இந்தத் தொட்டி ரொம்பி அஞ்சு வாரமாச்சு. குறைஞ்சாத்தானே ரொப்பறது? காலையில ஒரு நடை, தூசி தட்டி மேலாப்பல ஊத்துவேன். பாக்கிப் பதினோரு நடையும் செவலையனோட வெள்ளரிக் கொல்லைக்கு."

"அப்படியா சங்கதி!" என்றது சுழிச்சி. இப்போது அதற்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாடுகள் குடித்தால் தொட்டி குறையும். குறைந்தால் மறுபடி ரொப்ப வேண்டும். அப்புறம் வெள்ளரிக்கு ஏது தண்ணீர்?

உச்சி வேளை நெருங்கியது. குட்டி கண்ணை மூடிக்கொண்டது. சுழிச்சி அதன் முகத்தை நக்கிக் கொடுக்கப் பார்த்தது. நாக்கில் ஈரமே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுவதற்கு இது நேரமில்லை என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தது. புகார் சொன்னால் செவலையன் 'இந்த ஆடு பொய் சொல்லுது' என்று ஒரே பேச்சில் முடித்துவிடும். சாட்சிக்கு வர ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. சரி, செவலையன் வாயாலேயே வரவழைத்தால் என்ன?

பூமி அதிர யானையார் வந்துவிட்டார்!

செவலையன் வாலைக் குழைத்துக்கொண்டு எதிரே ஓடியது. "வாங்கய்யா, வாங்க! பந்தலைப் பாருங்க, தொட்டியைப் பாருங்க!"

யானையார் தொட்டியைப் பார்த்தார். தளதளவென்று தண்ணீர், நாலு அல்லிப்பூ. "பலே! போன வாரம் மாதிரியே இருக்கு" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான், மேற்பார்வை முடிந்தது!

"ஐயா, யானை ஐயா! ஒரு நல்ல வார்த்தை கேட்டுட்டுப் போங்க!" என்று குரல் கொடுத்தது சுழிச்சி.

யானையார் நின்றார். செவலையன் கண்ணை உருட்டி மிரட்டியது.

"எங்க குத்தகைக்காரர் மாதிரி கெட்டிக்காரர் எங்கேயும் கிடையாதுங்க! விடிஞ்சதிலிருந்து பார்க்கிறேன், தொட்டியில ஒரு சொட்டுக் குறையலையே! எப்படித்தான் காப்பாத்துறாரோ!" என்றது சுழிச்சி.

செவலையனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. புகழ்ந்தால் நரிக்கு வால் நிற்காது.

"அது சும்மாவா வருது? நானே காவல் நிக்கிறேனே! காலையில பார்த்த மட்டம் இப்பவும் அப்படியே இருக்கும். அஞ்சு வாரமா ஒரு மூக்கு இதில நனைஞ்சதில்லை ஐயா!" என்று மார்தட்டியது.

யானையார் காதாட்டுவதை நிறுத்தினார்.

"ஏம்ப்பா, இங்கே எத்தனை உயிர் கட்டியிருக்கு?"

"நூறுக்கு மேலே இருக்கும் ஐயா. இன்னிக்கு நல்ல கூட்டம்!"

"எப்போ கட்டினது?"

"விடிஞ்சதும் ஐயா."

"இந்தக் கொளுத்துற வெயில்ல, விடிஞ்சதிலிருந்து, நூறு உயிர் நிக்குது. தொட்டியில ஒரு சொட்டுக் குறையலை. அப்படித்தானே?"

செவலையன் வாயைத் திறந்தது. அப்போதுதான் தான் சொன்னது அதற்கே உறைத்தது.

"அதுங்களுக்குத் தாகமே எடுக்கலை ஐயா" என்று இழுத்தது.

"ஒரு குளத்தையே குடிக்கிறவன்கிட்டயா தாகத்தைப் பத்திக் கதை விடுறே?" என்று பிளிறினார் யானையார். துதிக்கையை நீட்டிச் சுழிச்சியின் கயிற்றைப் படக்கென்று அறுத்தார்.

சுழிச்சி பாய்ந்தது. தொட்டியில் முகத்தைப் புதைத்துக் குடித்தது குடித்தபடியே இருந்தது. யானையார் வரிசையாக ஒவ்வொரு கயிறாக அறுத்தார். மொந்தை ஒரே இழுப்பில் ஓர் அல்லிப்பூவையும் சேர்த்து விழுங்கிவிட்டது! ஐந்து வாரமாகக் குறையாத தொட்டி, கண் மூடித் திறப்பதற்குள் அடி தெரிய வற்றியது.

"பொதியா! இன்னிக்கு எத்தனை நடை சுமந்தே? தண்ணியெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டார் யானையார்.

காலியான தொட்டியைப் பார்த்ததும் கழுதைக்குத் துணிச்சல் வந்துவிட்டது. "வெள்ளரிக் கொல்லைக்குங்க ஐயா! பின்னாலதான் இருக்கு, பச்சைப்பசேல்னு!" என்றது உரக்க.

யானையார் திரும்பினார். தள்ளாடி எழுந்து தாயின் மடியைத் தேடிய குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தப்பு என் மேலயும் இருக்கு. அஞ்சு வாரமா வந்து தொட்டியைத்தான் பார்த்தேன். உங்க யார் வாயையும் பார்க்கலை. எனக்கே வெட்கமா இருக்கு" என்றார். அவ்வளவு பெரிய உருவம் எல்லார் முன்னாலும் தலையைத் தாழ்த்தியது.

பிறகு நிமிர்ந்து உத்தரவு போட்டார். "செவலையா! உன் குத்தகை இன்னியோட போச்சு. பன்னிரண்டு மாசம் நீ சந்தைக்குத் தண்ணி சுமக்கணும். பொதியன் மேற்பார்க்கும். இனிமே கயிறு தொட்டியைத் தாண்டி நீளமா இருக்கணும். நான் வரும்போது தொட்டி குறைஞ்சிருக்கணும். குறைஞ்சது மறுபடி ரொம்பணும்!"

"சின்னப் பையாக் குடுங்கய்யா" என்று முனகியது செவலையன்.

"என் பையே உனக்குச் சரியா இருக்கும்!" என்றது பொதியன். சந்தையே சிரித்தது.

அன்று பொழுது சாய்வதற்குள் செவலையன் குளத்துக்கும் தொட்டிக்கும் பதினோரு நடை நடந்தது. ஒவ்வொரு தடவையும் மொந்தை மூக்கை நீட்டி, "இன்னும் கொஞ்சம்!" என்றது. சுழிச்சியின் மடியில் பால் இறங்கியது. குட்டி முட்டி முட்டிக் குடித்துவிட்டு, வாயோரம் நுரை ஒழுகத் துள்ளிப்போய் ஊற்ற ஊற்றக் குடித்துக் காலியான தொட்டிக்குள்ளேயே ஏறி நின்று குதித்தது.

நல்ல சட்டம் போட்டால் மட்டும் போதாது. அது தொட்டியில் நிற்கிறதா, தாகப்பட்ட வாய்க்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கிறவரே அதைக் காப்பவர்.