பூட்டிக் கிடந்த கார்

ஒரு காட்டில் ஒரே ஒரு கார் இருந்தது. அது சடையன் என்ற கரடியின் கார்.

மனிதர்கள் சாலை போட வந்தபோது விட்டுப் போன வண்டி அது. மற்ற விலங்குகள் அதைப் பார்த்துப் பயந்து விலகிப் போயின. சடையன் மட்டும் பயப்படவில்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தான், முகர்ந்தான், உள்ளே ஏறி உட்கார்ந்தான். கொஞ்சம் கொஞ்சமாக அதை ஓட்டவும் கற்றுக்கொண்டான்.

அதன் பிறகு அந்தக் கார் காட்டுக்கே பொதுவாகிவிட்டது. காலொடிந்த மான், கண் மங்கிய முயல், நிறைமாதப் பன்றி என்று யாருக்கு நடக்க முடியவில்லையோ அவர்களைச் சடையன் ஏற்றிக்கொண்டு போவான். பக்கத்தில் கருங்குரங்கு சுடலை உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே வருவான். சில நாட்களில் சடையன் அவனையும் ஓட்டச் சொல்வான்.

எல்லாரையும்விட அந்தக் காரை நம்பியிருந்தவை ஆமைகள்தாம். கோடை வந்தால் அவை வாழ்ந்த குட்டை வற்றிவிடும். ஆறோ பெரிய பாறைவெளிக்கு அந்தப் பக்கம் இருந்தது. பேருக்குக்கூட நிழல் இல்லாத வெளி அது. மானுக்கு அது ஒரே ஓட்டம். ஆமைக்கோ நாள்கணக்கில் நடக்க வேண்டிய தூரம். அதனால் ஒவ்வொரு கோடையிலும் சடையன் ஆமைகளைக் காரில் ஏற்றிப் போய் ஆற்றங்கரையில் இறக்கிவிடுவான். மழை பெய்ததும் திரும்பக் கூட்டி வருவான்.

ஒரு நாள் தேனெடுக்க மரமேறிய சடையன், கிளை முறிந்து கீழே விழுந்தான். பிறகு எழுந்திருக்கவேயில்லை.

அவன் மனைவி இருளாயி அழுது தீர்த்தாள். அழுகை ஓய்ந்ததும் எழுந்து போய்க் காரின் கதவுகளைப் பூட்டினாள். சாவியை ஒரு கொடியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஈர இலைகளைக் கொண்டு காரைத் துடைப்பாள். கூரையைத் துடைப்பாள், கண்ணாடியைத் துடைப்பாள், விளக்குகளைத் துடைப்பாள். துடைத்து முடித்ததும் கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பாள். சடையன் உட்கார்ந்து உட்கார்ந்து அவனுடைய இருக்கை பள்ளமாகியிருந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போது, இப்போதுதான் எழுந்து போயிருக்கிறான், வந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றும். அந்த ஒரு நொடிக்காகவே அவள் தினமும் வந்தாள்.

சுடலை சில நாட்கள் பொறுத்துப் பார்த்தான். பிறகு அவளிடம் வந்து, வண்டி ஓடாமல் நின்றால் கெட்டுப்போகும், அவ்வப்போது எடுத்து ஓட்டிவிட்டு அப்படியே கொண்டுவந்து நிறுத்திவிடுகிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வேண்டாம் சுடலை," என்றாள் இருளாயி. "அவர் உட்கார்ந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்வதை என்னால் பார்க்க முடியாது."

"உட்காராமலே விட்டால் அந்த இடமே இருக்காது, மதினி."

இருளாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுடலை போய்விட்டான்.

கோடை வந்தது. குட்டையில் தண்ணீர் சுருங்கிச் சேறாகியது. ஆமைகள் எல்லாம் சேர்ந்து இருளாயியைத் தேடி வந்தன. அவற்றில் மூத்தவள் பொன்னாத்தாள். கூட்டத்தின் சார்பில் அவள்தான் பேசினாள். சடையன் போன துக்கம் தங்களுக்கும் உண்டு என்றாள். ஆனால் குட்டை இன்னும் சில நாட்கள்கூடத் தாங்காது, குஞ்சுகள் பாறைவெளியை நடந்து கடக்க மாட்டார்கள், சுடலை ஓட்டினால் போதும் என்று கேட்டாள்.

இருளாயிக்கு மனம் இளகியது. அந்தக் குஞ்சுகளில் ஒன்றை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதன் ஓட்டின் ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கும். எப்போதும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஏறிப் படுத்துக்கொண்டு, வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டே போகும். அவள் கை கழுத்திலிருந்த சாவியைத் தொட்டது. இருந்தாலும் உடனே கழற்ற மனம் வரவில்லை.

"நாளைக்குச் சொல்கிறேன்," என்றாள்.

ஆமைகள் போனதும் புதருக்குப் பின்னாலிருந்து நரியார் வந்தார். காருக்கு முன்னால் போய்த் தலை குனிந்து நின்றார். பிறகு கண்ணாடி வழியாக அந்த இருக்கையைப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சடையண்ணன் உள்ளே இருக்கிற மாதிரியே இருக்கிறது, அக்கா," என்றார்.

தனக்குத் தோன்றியதை வேறொருவர் வாயால் கேட்டதும் இருளாயிக்கு அவரிடம் மனம் திறக்கத் தோன்றியது. ஆமைகள் வந்து கேட்டதையும், கொடுக்கலாமா என்று தான் யோசிப்பதையும் அவரிடம் சொன்னாள்.

நரியார் மெல்லத் தலையாட்டினார். "ஆமைகள் நல்லவர்கள்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் சேறும் ஈரமுமாக வந்து ஏறுவார்கள். சுடலை அந்த இருக்கையில் உட்காருவான். ஒரே நாளில் அது அவனுடைய பள்ளமாகிவிடும். அதற்குப் பிறகு அண்ணனை எங்கே போய்ப் பார்ப்பீர்கள்?"

"ஆமைகள் என்ன செய்வார்கள்?"

"கார் வருவதற்கு முன்னால் என்ன செய்தார்களோ அதைச் செய்வார்கள். நடப்பார்கள். நீங்கள் கவலைப்படாதீர்கள். வழித்துணைக்கு நான் இருக்கிறேன்."

மறுநாள் இருளாயி கார் தர முடியாது என்று சொல்லிவிட்டாள். பொன்னாத்தாள் கோபப்படாமல் திரும்பி முன்னால் நடந்தாள். ஆமைகள் வரிசையாகப் பாறைவெளியை நோக்கி நடக்கத் தொடங்கின. உடைந்த ஓட்டுக் குஞ்சு மட்டும் ஒருமுறை நின்று காரைத் திரும்பிப் பார்த்தது.

அந்த வாரம் முழுவதும் இருளாயிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் நரியார் வந்து, எல்லாரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று சொன்ன பிறகுதான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நான் பயந்ததெல்லாம் வீண், காரும் பத்திரம், ஆமைகளும் பத்திரம் என்று நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் வந்தது. காருக்கு அடியில் தண்ணீர் தேங்கியது. அதன் மேல் சருகு விழுந்து மட்கியது. ஒரு நாள் துடைக்கும்போது கதவின் கீழ்விளிம்பில் செம்பழுப்பாய் ஒரு கோடு தெரிந்தது. அழுத்தித் துடைத்தாள். இலை சிவந்ததே தவிர கோடு போகவில்லை. மறுநாள் அது இன்னும் நீண்டிருந்தது. சுடலையைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். கூப்பிட்டால் அவன் கதவைத் திறக்கச் சொல்வான், உள்ளே உட்காருவான். அதனால் கூப்பிடவில்லை. அந்தக் கோடு கண்ணில் படாதபடி புல்லைக் கத்தையாகக் கட்டி அங்கே சாத்தி வைத்தாள். மேலே மட்டும் முன்னைவிடப் பளபளப்பாகத் துடைத்தாள்.

அந்த மழைக்காலம் முழுவதும் அவள் குட்டைப் பக்கமே போகவில்லை. ஆமைகளின் முகத்தில் விழிக்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அடுத்த கோடையும் வந்தது. ஒரு நாள் காலையில் பொன்னாத்தாள் தனியாக வந்தாள். ஓடெல்லாம் கீறலும் பல் பதிந்த தடமுமாக இருந்தது.

"கார் கேட்க வரவில்லை, மகளே," என்றாள். "நாளைக்கு நடக்கப் போகிறோம். போன தடவை போலவே நடந்தால் உன்னைத் திரும்பப் பார்க்க முடியாது. சொல்லிக்கொண்டு போகத்தான் வந்தேன்."

இருளாயிக்கு ஒன்றும் புரியவில்லை. போன கோடையில் எல்லாரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்களே என்று கேட்டாள்.

"யார் சொன்னது?"

"நரியார்தான்."

பொன்னாத்தாள் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஒருமுறை பாறைவெளிக்குப் போய் நீயே பார்."

இருளாயி போனாள். வெயிலில் பாறை தகித்தது. பாதி வழியில் கண்ணில் பட்டவற்றை முதலில் கூழாங்கற்கள் என்றுதான் நினைத்தாள். கிட்டே போனதும் தெரிந்தது, அவை ஓடுகள். கவிழ்ந்தும் மல்லாந்தும் வெளுத்துப்போய் அங்கங்கே கிடந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சின்னஞ்சிறிய ஓடு ஒன்றைக் கையில் எடுத்தாள். அதன் ஓரம் உடைந்திருந்தது. அதை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்சம் தள்ளி ஒரு பாறை இடுக்கில் நரியார் படுத்திருந்தார். நன்றாகக் கொழுத்திருந்தார். இருளாயியைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் ஓடவில்லை.

"வழித்துணைக்கு இருப்பேன் என்றீரே," என்றாள் இருளாயி.

"இருந்தேனே."

"என்னை ஏமாற்றிவிட்டீர்."

"அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்றது பொய்தான், அக்கா. ஆனால் காரைப் பற்றி நான் பொய் சொல்லவில்லை. கொடுக்கக் கூடாது என்று நீங்கள் முன்பே முடிவு செய்திருந்தீர்கள். உங்களுக்குப் பிடித்ததை நான் வாய்விட்டுச் சொன்னேன், அவ்வளவுதான்."

அவரை அங்கேயே அடித்துக் கிழிக்கலாம் என்று இருளாயியின் நகங்கள் துடித்தன. ஆனால் அவள் அடிக்கவில்லை. நாளைக்கு ஆமைகள் நடக்கப் போகின்றன என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி ஓடினாள். வழியிலேயே சாவியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

சுடலையைக் கூவி அழைத்தாள். அவன் வந்ததும் சாவியை அவன் கையில் வைத்து, ஓட்டு என்றாள். சுடலை உடனே காரிடம் போனான். கதவைத் திறக்கப் பார்த்தான். அது திறக்கவில்லை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்தார்கள். கதவு கீலோடு பிய்ந்து கையோடு வந்தது.

உள்ளே எலிகள் குடியிருந்தன. சடையனின் இருக்கையில் பள்ளம் எதுவும் இல்லை. எலிகள் பஞ்சையெல்லாம் பிடுங்கிக் கூடு கட்டியிருந்தன. எஞ்சியது கம்பிச்சுருள்தான். வெளிச்சம் பட்டுப் பளபளத்த கண்ணாடி வழியாக இத்தனை நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று இருளாயிக்கே தெரியவில்லை. ஒருவேளை நினைப்பைத்தான் பார்த்தாளோ என்னவோ.

சுடலை கம்பியின் மேல் உட்கார்ந்து சாவியைத் திருகினான். வண்டிக்குள் எங்கோ ஒரு சிறு சத்தம் கேட்டு அடங்கியது. திரும்பவும் திருகினான். அந்தச் சத்தமும் வரவில்லை. உதவலாம் என்று இருளாயி ஒரு காலை உள்ளே வைத்தாள். துருவேறிய அடித்தகடு பொத்துக்கொண்டு போய், அவள் கால் கீழேயிருந்த சகதியில் இறங்கியது.

சுடலை மெதுவாக இறங்கி வந்து சாவியை அவளிடம் நீட்டினான்.

"இனி ஓடாது, மதினி."

"போன வருஷம் கேட்டாயே, அப்போது கொடுத்திருந்தால்?"

சுடலை பிய்ந்து கிடந்த கதவைப் பார்த்தான். அவள் அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. சாவியை வாங்காமலே குட்டைக்கு நடந்தாள்.

ஆமைகள் வெடித்த சேற்றில் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. இருளாயி அவற்றின் முன்னால் போய் முழங்காலிட்டாள். கரடிகள் குட்டிகளைச் சுமப்பது போல முதுகைத் தாழ்த்திக் காட்டினாள்.

"ஏறிக்கொள்ளுங்கள். ரோமத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்," என்றாள்.

ஆமைகள் பொன்னாத்தாளைப் பார்த்தன. பொன்னாத்தாள்தான் முதலில் ஏறினாள்.

முதுகு கொண்டமட்டும் ஏற்றிக்கொண்டு இருளாயி பாறைவெளியைக் கடந்தாள். ஆற்றங்கரையில் இறக்கிவிட்டு உடனே திரும்பினாள். மறுபடி ஏற்றினாள். உள்ளங்கால் கொப்பளித்தது. கொப்பளம் உடைந்த பிறகும் நடந்தாள். நரியார் தூரத்தில் நின்று பார்த்தார். கரடியின் முதுகில் இருப்பவர்களை அவரால் என்ன செய்ய முடியும்? கடைசி ஆமை ஆற்றில் இறங்குவதற்குள் அவர் அந்தப் பாறைவெளியை விட்டே போய்விட்டார். இருளாயி தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். அது சடையனுக்காக அழுத அழுகை இல்லை.

கார் நின்ற இடத்திலேயே நின்றது. யாருக்காவது உதவுமா என்று சுடலை தேடிப் பார்த்தான். கழற்றி எடுக்க உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. தொட்டதெல்லாம் செதில் செதிலாக உதிர்ந்தது. இருளாயி அதைத் துடைப்பதை விட்டுவிட்டாள். சக்கரங்கள் மண்ணில் புதைந்தன. கூரையின் மேல் கொடி படர்ந்தது.

அடுத்த மழைக்காலத்தில் வேறு காட்டிலிருந்து ஒரு மிளா மான் வந்தது. கொடிக்குள் மறைந்து கிடந்த அந்தத் துருக்குவியலைப் பார்த்து அது வியந்தது. ஒரு காலத்தில் நல்ல வண்டியாக இருந்திருக்கும் போலிருக்கிறதே, இப்படிப் போட்டு வைத்தவருக்கு இதன் மேல் அப்படி என்ன வெறுப்பு என்று கேட்டது.

சுடலை இருளாயியைப் பார்த்தான்.

"வெறுப்பு இல்லை," என்றாள் இருளாயி. "அந்த வண்டி என்னுடையதுதான். உயிரையே அதன் மேல் வைத்திருந்தேன்."

சொல்லிவிட்டு ஆற்றுக்குக் கிளம்பினாள். மழை பெய்து குட்டை நிறைந்துவிட்டது. ஆற்றங்கரையில் ஆமைகள் அவளுக்காகக் காத்திருந்தன.

நீதி: ஆசையாய்ப் போற்றும் பொருளை யாருக்கும் உதவாமல் பூட்டி வைப்பவர், அதைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே அழிக்கிறார்.