கொளத்தூர் கடையில் சுழன்ற மீன்கள்

ஆட்டோ ஓட்டும் செங்கமலத்தின் வீட்டில் இரண்டடி மீன்தொட்டி ஒன்று இருந்தது. தண்ணீர் கலங்கி, மகள் ஆசையாய் வளர்த்த தங்கமீன்கள் மூச்சுக்குத் தவித்தன. தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கேனிஸ்டர் ஃபில்டர் வாங்க, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு ஓடிவந்தாள்.

"விலை குறைஞ்ச இந்தச் சின்னது போதுமாண்ணே?"

கடைக்காரர் ஜெயசீலன் கடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தார். "இதுவா? ஒரே வாரத்துல மீன் மிதக்கும்! அந்தப் பெரிசை எடும்மா. சின்னது போதும்னு நிரூபிச்சிட்டா அதைச் சும்மாவே தரேன்!"

செங்கமலம் கடையில் அவருடைய செல்ல மீன்கள் நீந்திய, தன் வீட்டில் உள்ளதைப் போன்ற இரண்டடித் தொட்டியைக் காட்டினாள். "பெரிசை இதுல மாட்டிக் காட்டுங்கண்ணே. கண்ணால பாத்துட்டா வாங்கிடறேன்."

அதில் இருந்த ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பெரியதை வீறாப்பாக மாட்டினார். ஸ்விட்சைப் போட்டதுதான் தாமதம், மீன்கள் ராட்டினம் ஏறியதுபோல் கிறுகிறுவென்று சுற்றின. ஒன்று தலைகீழாகவே இரண்டு சுற்று போனது.

"ஐயையோ, என் மீன் செத்துரும்!" என்று அலறியபடி அதைப் பிடுங்கிவிட்டு, தன் பழைய ஃபில்டரையே அவசரமாக மாட்டினார்.

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அது செங்கமலம் கேட்ட அதே சின்னது!

"நிரூபிச்சது நீங்கதாண்ணே," என்றாள் செங்கமலம் பணிவாக. "இருந்தாலும் சின்ன ஃபில்டரை நான் சும்மாவே எடுத்துக்கலாம்ல?"

கடையே குலுங்கிச் சிரிக்க, ஜெயசீலன் சின்ன ஃபில்டர் பெட்டியை எடுத்து நீட்டினார்.