இரண்டு மோட்டார், ஒரு சுவிட்ச்

சுரண்டையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் செண்பகவடிவிடம் உச்சிமாகாளி சீடராகச் சேர்ந்தபோது தெருவே சிரித்தது. அவர் பேரன் எடுத்தவர். அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், சும்மா உட்கார்ந்தால் கால் வீங்குகிறது என்று சொல்லி ஒருநாள் அவள் பட்டறை வாசலில் வந்து நின்றார். வேலை கற்றுத் தரமுடியுமா என்று கேட்டார்.

"இங்க விசில் ஊதினா எதுவும் நகராது அண்ணாச்சி. பரவாயில்லையா?" என்றாள் அவள்.

பரவாயில்லை என்றார். அன்றிலிருந்து அவள் அவருக்கு மாஸ்டர்.

கற்றுக்கொள்வதில் அவர் சூட்டிகை. ஒயரை மடக்கிக் கட்டினால் சடை பின்னினது மாதிரி இருக்கும். அதை யாராவது பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

ஆவணியில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின நாள், ஊருக்கு வெளியே இருக்கும் மண்டபத்திலிருந்து மேனேஜர் ஞானசிகாமணி கூப்பிட்டுவிட்டார். அங்கே இரண்டு மோட்டார். ஒன்று கிணற்றில், இன்னொன்று ஆழ்துளைப் போரில். இரண்டும் மொட்டை மாடியிலுள்ள ஒரே தொட்டிக்குத்தான் தண்ணீர் ஏற்றும். மண்டபத்து லைன் ஒரு நேரத்தில் ஒரு மோட்டாரைத்தான் தாங்கும். போன முகூர்த்தத்தில் யாரோ அவசரத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட, ஒயர் உருகி, பந்தியில் ரசம் ஊற்றுகிற நேரத்தில் மண்டபம் இருண்டுபோனது. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேல் யாரோ ரசத்தை ஊற்றிவிட்டார்கள். மேனேஜருக்கு அந்த வசவு இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. இனி ஒரே சுவிட்ச் போதும். இடப்பக்கம் திருப்பினால் கிணறு, வலப்பக்கம் திருப்பினால் போர், நடுவில் வைத்தால் எதுவும் ஓடக் கூடாது என்று கேட்டார்.

செண்பகவடிவு எந்த ஒயர் எங்கே போக வேண்டும் என்று விளக்கிவிட்டு, வேலையை முழுதாக உச்சிமாகாளியிடம் ஒப்படைத்தாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய் உள்ளி உரிக்கும் பெண்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

தனியாகச் செய்கிற முதல் வேலை. உச்சிமாகாளி சுவரிலிருந்த மோட்டார் பெட்டியைத் திறந்தார். மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு புது கான்டாக்டர்களைப் பெட்டிக்குள் மாட்டினார். சுவிட்ச் சொன்னால் டக்கென்று மூடி மோட்டாருக்குக் கரண்ட் விடுவது அவைதான். அதிக லோடு இழுத்தால் அறுத்துவிடும் ரிலேயையும் ஒவ்வொன்றின் கீழும் பொருத்தினார். சுவிட்சைத் திருப்பிப் பார்த்தார். கிணறு ஓடியது. நடுவில் வைத்தார், நின்றது. போர் ஓடியது. மேனேஜர் ஓடிப்போய் அவரே காபி வாங்கி வந்தார்.

செண்பகவடிவு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். தான் வெட்டிக் கொடுத்ததில் கொஞ்சம் ஒயர் குறைகிறதே என்றாள்.

உச்சிமாகாளி சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் காட்டினார். "ஒண்ணு ஓடுறப்போ மத்தத ஓட விடாமப் பூட்டுற இன்டர்லாக்குக்குக் கொடுத்தது. தேவைப்படல மாஸ்டர். சுவிட்ச் ஒரு நேரத்துல ஒரு பக்கம்தான திரும்பும்? பொறவு எதுக்கு?"

அவள் காபியைக் குடித்து முடித்தாள். சமையல்கட்டிலிருந்து ஈரமில்லாத மரக்கரண்டி ஒன்றை வாங்கி வந்தாள். மோட்டார்களுக்குப் போகும் ஃபியூஸ்களைப் பிடுங்கினாள். இனி கான்டாக்டர் மூடினாலும் மோட்டார் ஓடாது. கரண்டிக் காம்பால் கிணற்றுக் கான்டாக்டரின் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இப்போ போருக்குத் திருப்புங்க."

திருப்பினார். டக். போர்க் கான்டாக்டரும் மூடிக்கொண்டது.

"சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கு?"

"போர்ப் பக்கம்."

"கிணத்து மோட்டாரு?"

உச்சிமாகாளி கரண்டியையே பார்த்தார். ஃபியூஸ் இருந்திருந்தால் இரண்டும் ஓடியிருக்கும். நீங்கள் அழுத்திப் பிடித்ததால்தானே என்று மெதுவாகச் சொன்னார்.

"ஆமா. கான்டாக்டர் உள்ள தீய்ஞ்சு ஒட்டிக்கிட்டா கரண்டி வேண்டாம். அதுவே பிடிச்சுக்கிடும்."

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. அரிசி களையத் தண்ணீர் வேண்டும், பெண்வீட்டார் வேன் கிளம்பிவிட்டது, ஓடுகிறதை ஓட விடுங்கள், மிச்சத்தைக் கல்யாணம் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினார். செண்பகவடிவு சீடரைப் பார்த்தாள்.

உச்சிமாகாளி மெயினை இறக்கினார். கரண்ட் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்துக்கொண்டார். அரிசிக்குத் தண்ணீர் தானே கிணற்றில் இறைத்துத் தருவதாக மேனேஜரிடம் சொன்னார். சொன்னபடியே குடம் குடமாக இறைத்துக் கொடுத்துவிட்டு வந்து, சடை மாதிரி பின்னியிருந்த ஒயர்க் கட்டைத் தன் கையாலேயே அவிழ்த்தார். ஒரு கான்டாக்டரை மூடவைக்கும் ஒயர் மற்றதன் பக்கவாட்டு முனை வழியாகப் போய் வருகிற மாதிரி, இரண்டுக்கும் மாற்றிக் கட்டினார். அது மூடியிருக்கும்வரை அந்த முனை திறந்தே இருக்கும், இதற்குக் கரண்ட் வராது. இந்தத் தடவை அது அவ்வளவு அழகாக வரவில்லை.

முடிந்ததும் அவரே கரண்டியைக் கேட்டு வாங்கினார். ஃபியூஸ் இல்லாமலே மெயினை ஏற்றி, கிணற்றுக் கான்டாக்டரை அழுத்திக்கொண்டு சுவிட்சைப் போர்ப் பக்கம் திருப்பினார். சத்தம் இல்லை. காத்திருந்தார். கரண்டியை எடுத்தார். டக். போர்க் கான்டாக்டர் மூடியது.

வாய்விட்டுச் சிரித்தார். மறுபடி செய்தார். பக்கம் மாற்றிச் செய்தார். மேனேஜரைக் கூப்பிட்டு அவர் கையாலும் செய்ய வைத்தார். கடைசியில் சமையல்காரம்மா வந்து, பாயசம் அடிப்பிடிக்கப்போகிறது என்று கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகுதான் ஃபியூஸைப் போட்டார்கள்.

சாயங்காலம் வேன் வந்தது. குழாயெல்லாம் தண்ணீர் கொட்டியது. குருவும் சீடரும் பந்தலோரம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். உச்சிமாகாளிக்கு ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், அந்தக் கான்டாக்டர் எப்போ ஒட்டும்?"

"ஒட்டாமலேகூடப் போயிரலாம் அண்ணாச்சி."

அவர் முகம் லேசாக வாடியது. "அப்போ நான் கட்டின ஒயருக்கு வேலையே இருக்காதா?"

செண்பகவடிவு டம்ளரின் அடியில் கிடந்த முந்திரியை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"தினமும் இருக்கு. சுவிட்ச் உத்தரவு போட்டுட்டுப் போயிரும். மத்ததப் பாத்து நின்னுட்டியான்னு கேக்கிறது அந்த ஒயரு மட்டும்தான்."