தேர்க்கட்டை மாசிலாமணியும் மூன்றாம் மாடியும்

"மூச்சே இல்லாதவனைப் படி ஏறச் சொன்னா எப்படிம்மா?" என்றார் மாசிலாமணி.

முப்பது வருஷப் பீடி அவர் நுரையீரலைத் தின்று தீர்த்திருந்தது. மகள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கேதான் இடுப்பெலும்பு முறிந்த மனைவி குஞ்சம்மாள் நாலு மாசமாகப் படுத்திருக்கிறாள். நாற்காலியில் தூக்கிப் போகிறோம் என்றார்கள். மானஸ்தர், மாட்டேன் என்றுவிட்டார். அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்ற பயம் மட்டும் மனுஷனைப் பிய்த்துத் தின்றது.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி கொடுக்கும் பெனிட்டாவுக்கு அவர் மகள் வயசு.

"ஏறுங்கய்யா" என்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டைக் காட்டினாள்.

தம் கட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஏறினார். எட்டாம் படியில் கண் இருட்டியது. பின்னாலேயே வந்தவள் பிடித்து உட்காரவைத்தாள்.

"சாகடிக்கப் பாக்கறியா?"

"நாளைக்கு வாங்க."

மறுநாள் அவர் ஏற ஆரம்பித்ததும் ஐந்தாம் படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

"வழியை விடும்மா."

"மாட்டேன். உதட்டைக் குவிச்சு மெதுவா ஊதுங்க. மூச்சு அடங்கட்டும்."

அடங்கியது. விட்டாள். ஒன்பதாம் படியில் போய் மறுபடி உட்கார்ந்தாள்.

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"நேத்து ஏறுன்னே. இன்னிக்கு ஏறாதேங்கறே. இதுல எதும்மா வைத்தியம்?"

"ஐயா என்ன வேலை பார்த்தீங்க?"

"கோயில் தேருக்குக் கட்டை போடற வேலை. ஓடற சக்கரத்துக்கு முன்னால கட்டையைக் கொடுத்து நிறுத்தணும்."

"தேர் போகக் கூடாதுன்னா போடறீங்க?"

"நல்லா கேட்டே போ! கட்டை போடலேன்னா தெருமுனையில எவன் வீட்டுக்குள்ளயாவது பூந்துடும்."

பெனிட்டா எழுந்து வழி விட்டாள். அவர் ஏறாமல் அங்கேயே நின்று ஊதினார்.

எட்டு வாரம் கழித்து மகள் வீட்டுப் படியில் ஏறினார். நாலு படி, உட்கார்ந்தார். ஊதினார். இன்னும் நாலு படி, மறுபடி உட்கார்ந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் எதிரே இறங்கி வந்தவன் பதறிப்போனான்.

"பெரியவரே, முடியலையா? கீழே கொண்டுபோய் விடட்டுமா?"

மாசிலாமணி ஊதி முடித்தார்.

"கட்டை போட்டிருக்கேன் தம்பி."

அவன் திருதிருவென்று விழித்தான்.

மேலே மகளின் குரல் கேட்டது. "அம்மா, அப்பா பாதியிலேயே உக்காந்துட்டாரும்மா!"

"உக்காரட்டும்டி" என்றாள் குஞ்சம்மாள். "நீ ரெண்டு கதவையும் நல்லாத் திறந்து வையி."