பஞ்சி முயலின் கொத்து ரோஜா

மலைக்காட்டின் ஓரத்தில், ஓடைக்கரை மேட்டில், பஞ்சி என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு ஒரு வளையில் வாழ்ந்துவந்தது. போன பனிக்காலத்தில் அதன் துணை தும்பனை நரி கொண்டுபோய்விட்டது.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இருந்தது. தும்பன் காலையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வெயில் காயும். இப்போது அந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் பஞ்சிக்குத் தும்பனின் நினைவு வந்தது. அங்கே ஒரு பூச்செடியாவது இருக்கட்டும் என்று நினைத்தது.

காட்டின் எல்லையில் மனிதர்கள் விட்டுப்போன பழைய பங்களா ஒன்று இருந்தது. அதன் தோட்டத்தில் ரோஜாச் செடிகள் கேட்பாரற்று மண்டிக் கிடந்தன. கிளுக்கன் என்ற முள்ளம்பன்றி அங்கே குடியிருந்தது. பஞ்சி அதைத் தேடிப் போனது.

"அண்ணே, எனக்கு ஒரு ரோஜாச் செடி வேண்டும். இருப்பதிலேயே பெரிய பூ பூக்கிற செடியாகக் கொடுங்கள்."

"பெரிய பூ என்றால் இதுதான். காம்புக்கு ஒரே ஒரு பூ, என் தலை அளவுக்கு விரியும். அது உதிர்ந்துவிட்டால் அடுத்தது வரும்வரை வெறும் குச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்."

"அந்தக் குட்டைச் செடி?"

"அது கொத்து ரோஜா. பூ சின்னதுதான். ஆனால் ஒரே காம்பில் கூட்டமாகப் பூக்கும். ஒன்று வாடினால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும்."

பஞ்சி இரண்டு செடிகளையும் மாறி மாறிப் பார்த்தது.

"அவருக்குத் தனியாக இருக்கவே பிடிக்காது. புல் மேயக்கூட என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் போவார். எனக்குக் கொத்து ரோஜாவே போதும் அண்ணே. பூவைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறீர்களே!"

"வேரைத் தின்னத்தான் இங்கே வந்தேன் தங்கச்சி. தின்னும்போது கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்" என்று கிளுக்கன் கூச்சத்தோடு சொன்னது.

ஒரு சின்னச் செடியை வேர் அறாமல் தோண்டியெடுத்துக் கிளுக்கனே பாறைவரை கொண்டுவந்தது. நல்ல வெயில் படும் இடமாகப் பார்த்து இரண்டும் சேர்ந்து நட்டன. மான்கள் போட்ட புழுக்கைகளைப் பஞ்சி உருட்டிக்கொண்டு வந்து அடியில் இட்டது. தினமும் ஓடையில் முங்கி, நனைந்த உடம்போடு ஓடிவந்து, செடியின் அடியில் உதறியது. அந்த ஈரத்தில் செடி பிழைத்துக்கொண்டது.

"நாங்களும் வருகிறோம் அம்மா" என்று குட்டிகள் கேட்டன.

"வேண்டாம். செடியை மிதித்துவிடுவீர்கள். வளைக்குள்ளேயே இருங்கள்."

நாளாக ஆகப் பஞ்சி செடியருகிலேயே கிடக்க ஆரம்பித்தது. குட்டிகள் பசியோடு காத்திருந்து தூங்கிப்போயின.

மழைக்காலம் நெருங்கியபோது முதல் கொத்து மொட்டுவிட்டது. நடுவில் ஒரு பெரிய மொட்டு. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மொட்டுகள். கிளுக்கன் வந்து பார்த்தது.

"தங்கச்சி, அந்த நடுமொட்டைக் கிள்ளிவிடு. அது முந்திக்கொண்டு விரிந்து, முந்திக்கொண்டு வாடும். மழையில் அழுகினால் பக்கத்து மொட்டுகளையும் கெடுத்துவிடும். அது போனால் மற்றதெல்லாம் ஒன்றாகப் பூக்கும்."

பஞ்சிக்குக் கோபம் வந்தது. "முதல் மொட்டைக் கிள்ளவா? எனக்கு இது மொட்டு இல்லை அண்ணே, அவர்தான். நீங்கள் போய்விடுங்கள்."

கிளுக்கன் பங்களாவுக்குத் திரும்பிப் போய்விட்டது.

சில நாள் கழித்து, நடுமொட்டு விரியத் தொடங்கிய மத்தியானத்தில், மழை கொட்டியது. பஞ்சி செடியைவிட்டு நகரவில்லை. பின்னங்கால்களில் நின்று, தன் உடம்பையே குடையாக்கிப் பூவை மூடிக்கொண்டது. முள் குத்தியது. அப்படியும் நின்றது.

வளை இருந்த கரையிலிருந்து கிளுக்கனின் குரல் வந்தது. "பஞ்சி, வளை சரிந்துவிட்டது!"

பஞ்சி ஓடியது. மேட்டு மண் சேறாக இறங்கி வளையின் வாயை அடைத்திருந்தது. கிளுக்கன் இரண்டு கைகளாலும் சேற்றைப் பறித்துக்கொண்டிருந்தது. பஞ்சியும் பறித்தது. உள்ளே மெல்லிய முனகல் கேட்டது. முதல் குட்டி வெளியே வந்தது. அடுத்ததும் வந்தது. கடைக்குட்டி மட்டும் அசையாமல் கிடந்தது. பஞ்சி அதன் மூக்கிலிருந்த மண்ணை நக்கி நக்கி எடுத்தது. குட்டி தும்மிவிட்டுக் கண்ணைத் திறந்தது.

"அம்மா, கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம்" என்றது.

பஞ்சி குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டது. "என் பங்களாவில் ஒழுகாத மூலை ஒன்று இருக்கிறது. வாருங்கள்" என்று மட்டும் கிளுக்கன் சொன்னது.

மழை விட்ட பிறகு பஞ்சி குட்டிகளையும் கூட்டிக்கொண்டு கிளுக்கனோடு பாறைக்குப் போனது. நடுப்பூ அழுகி, பக்கத்து மொட்டுகளோடு ஒட்டிக் கருத்திருந்தது.

"அண்ணே, செடி செத்துவிட்டதா?"

"இல்லை. கொத்துக்குக் கீழே, வெளியே பார்த்து நிற்கும் ஒரு நல்ல இலைக்கு மேலே கடித்துவிடு. தளிர் அங்கிருந்து வரும்."

பஞ்சி கண்ணை மூடிக்கொண்டு காம்பைக் கடித்தது. கிளுக்கன் சொன்ன இடத்திலேயே சிவப்புத் தளிர் வந்தது. தளிரின் முனையில் புதுக்கொத்து வந்தது. இந்த முறை பஞ்சி தானாகவே நடுமொட்டைக் கிள்ளிக் கீழே வைத்தது. ஒரு காலையில் மற்ற மொட்டுகள் எல்லாம் சேர்ந்து விரிந்தன. குட்டிகள் அவற்றின் அடியில் உருண்டு விளையாடின. ஒரு கிளை மிதிபட்டு ஒடிந்தது. பஞ்சி அதை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அவை விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

கடைக்குட்டி அதன் மடியில் ஏறிக்கொண்டு, "அப்பா எப்படி இருப்பார் அம்மா?" என்று கேட்டது.

அதுவரை பஞ்சி குட்டிகளிடம் தும்பனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை. இப்போது மூன்றையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தது. வெயில் ஏறும்வரை சொல்லிக்கொண்டே இருந்தது.

நம்மைவிட்டுப் போனவர்மேல் எவ்வளவு அன்பு இருந்தாலும், நம்மோடு இருப்பவர்களைக் கவனிக்க மறந்துவிடக் கூடாது.