நண்டு கேட்டுக்கொண்டு நின்ற நேரம்

அந்தக் காலத்தில் நண்டு பேசும். பேசிய பேச்சை மாற்றவும் மாற்றாது. அலையாத்திக் காட்டின் ஓரத்தில், கடல் நீரும் ஆற்று நீரும் கலக்கிற கழியில், சடையனும் அவன் பெண்டாட்டி வெள்ளச்சியும் மண்கரை போட்டு இறால் வளர்த்தார்கள். கரையில் ஒரே ஒரு வாய் திறந்திருக்கும். கடல் ஏறும்போது இறால் குஞ்சுகள் அதன் வழியாக உள்ளே வரும். வளர்ந்தபின், கடல் வடியும்போது அதே வழியாகக் கடலில் இருக்கிற தாயிடம் போகும். போகிறவற்றில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். வயிற்றுக்கு அது போதும். கரையைத் துளைப்பதில்லை என்று நண்டு அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தது.

ஒரு கோடையில் சடையனுக்கு ஆசை முற்றியது. "பாதியை எதுக்குக் கடலுக்கு விடணும்?" என்று சேற்றை அள்ளிப் போட்டு வாயை அடைத்துவிட்டான். வெள்ளச்சியும் கூட நின்றுதான் மிதித்தாள். அவளை மட்டும் நல்லவளாக்க எனக்கு மனமில்லை.

மூன்றாம் நாள் வெயிலில் உள்ளே தண்ணீர் நாறியது. கரைக்கு வெளியே தாய் இறால் வந்து நண்டிடம் அழுதது.

"அண்ணே, உள்ள என் பிள்ளைங்க மூச்சு முட்டிச் சாவுதுங்க. ஒரு ஓட்டை போடு."

"வாக்குக் குடுத்துட்டேனே தங்கச்சி. இரு, ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்."

கரைக்கு உள்ளே வெள்ளச்சி கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித்தான் அவர்கள் இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தால் பறி விழுந்து, பிடித்ததெல்லாம் போய்விடும்.

"தாயி, சரின்னு ஒரு சொல்லு சொல்லு. தோண்டிடுறேன்" என்றது நண்டு.

அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தொட்டதும் துள்ளி ஓடுகிற இறால் அன்று கைக்குள் துவண்டு கிடந்தது. அவை செத்துக்கொண்டிருப்பது விரலுக்கே தெரிந்தது. ஆனால் பறி இன்னும் நிறையவில்லை. அத்தனை சுலபமாக அவள் ஒருநாளும் பிடித்ததில்லை. பொறு என்று கையைக் காட்டிவிட்டு மறுபடி சேற்றைத் தடவினாள். நண்டும் பொறுத்தது. அந்தப் பாவத்தை என்னவென்று சொல்ல!

பறி நிறைந்தபின் கரையேறினாள். அதை இறக்கி வைத்துவிட்டு, "இப்பத் தோண்டு" என்றாள்.

நண்டு வெறிபிடித்துத் தோண்டியது. ஓட்டை வழியே வந்ததெல்லாம் பிணம். தாய் இறால் ஒவ்வொன்றாகத் தொட்டது, ஒன்றாவது துள்ளாதா என்று. ஒன்றும் துள்ளவில்லை.

"யாரைக் கேக்கப் போனே அண்ணே?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது.

அன்று முதல்தான் நண்டு எவரிடமும் பேசுவதில்லை, எவரையும் கேட்பதுமில்லை. எவ்வளவு இறுக்கி மிதித்த கரையானாலும் துளைக்கிறது. காலையில் நாம் அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே, ஈரம் காய்வதற்குள், இன்னொன்று போடுகிறது. உள்ளே இறால் சுகமாக இருந்தாலும் போடுகிறது.